யார் கடைசி?

ஜிரோனாவில் ஒரு இனிப்பு எப்போது கிடைக்கும் என்று கேட்டால் கடைக்காரர் மாதத்தைச் சொல்ல மாட்டார். ஒரு புனிதரின் பெயரைச் சொல்வார். "அது சான் ஜுவானுக்கு" என்பார். "அது சான் ஜுசெப்புக்கு" என்பார். நம் கையில் காசு இருக்கிறது, அவரிடம் அடுப்பு இருக்கிறது, மாவும் சர்க்கரையும் வருடம் முழுக்கக் கிடைக்கின்றன. ஆனாலும் கிடையாது என்றால் கிடையாதுதான். அந்த நாள் வர வேண்டும்.

முதுகலை படிக்க இந்த ஊருக்கு வந்து எனக்கு இது இரண்டாவது வருடம். கதீட்ரலைப் பற்றியும் ஆற்றங்கரை வீடுகளைப் பற்றியும் போதும் போதும் என்கிற அளவுக்குப் பலர் எழுதிவிட்டார்கள். அதனால் நான் இனிப்பைப் பற்றி எழுதுகிறேன். இனிப்பில் ஆரம்பித்து வீட்டு வாடகையில் போய் முடியும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் சொல்லக் கூடாது. வெளியிலிருந்து வருகிறவர்களில் யார் ஊர்க்காரர் ஆகிறார்கள், யார் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போகிறார்கள் என்பதை இந்த இனிப்புகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பது என் கட்சி.

ஊரைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. ஜிரோனா கத்தலோனியாவின் வடகிழக்கில் இருக்கிறது. சுமார் ஒரு லட்சம் பேர் வசிக்கும் ஊர். 2013இல் அதிவேக ரயில் பாதை வந்த பிறகு பார்சலோனாவிலிருந்து 40 நிமிடத்துக்குள் வந்துவிடலாம். நடுவில் ஒன்யார் ஆறு. அதன் மேல் ஈபல் கோபுரத்துக்காரரின் நிறுவனம் 1877இல் கட்டிய சிவப்பு இரும்புப் பாலம். ஒரு கரையில் கல் பாவிய பழைய நகரம், மறு கரையில் கடைகளும் அலுவலகங்களும். அவ்வளவுதான், சாப்பாட்டுக்கு வருவோம்.

இனிப்பு வருடத்தை அக்டோபரில் தொடங்குவதுதான் சரி. அக்டோபர் 29 சான் நர்சிஸ் நாள். ஊரின் காவல் புனிதர் இவர். 1285இல் பிரெஞ்சுப் படை ஜிரோனாவை முற்றுகையிட்டபோது இவருடைய கல்லறையிலிருந்து ஈக்கள் கூட்டமாகக் கிளம்பி, வீரர்களையும் குதிரைகளையும் கொட்டித் துரத்தியதாகக் கதை. அதனால் ஈ இந்த ஊருக்கு ஒரு சின்னம். இவர் பெயரில் ஒரு வாரத்துக்கும் மேலாகத் திருவிழா நடக்கிறது. தெவேசா பூங்காவின் உயர்ந்த மரங்களுக்கு நடுவே ராட்டினங்களும் தின்பண்டக் கடைகளும் வந்து இறங்குகின்றன. பக்கத்து ஊரான சால்ட்டின் மனிதக் கோபுரக் குழு, ஒருவர் தோள் மேல் ஒருவராக நான்கு பேர் நின்ற தூணாகக் கதீட்ரலின் 90 படிகளையும் ஏறுகிறது. பார்க்கிற நமக்கு மூச்சு நின்றுவிடும். இந்த சால்ட் என்கிற ஊரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

திருவிழா முடிவதற்குள் அக்டோபர் 31 வந்துவிடுகிறது. அன்று இரவு கஸ்தன்யாடா. கஸ்தன்யா என்றால் செஸ்ட்நட். தெருமுனையில் தகர அடுப்பு வைத்து ஓட்டைக் கீறிச் சுட்டு, காகிதக் கூம்பில் போட்டுத் தருவார்கள். பல இடங்களில் அந்த அடுப்புக்குப் பின்னால் நிற்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். படிப்பு முடிகிற வருடச் சுற்றுலாவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். கூடவே சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, பெரியவர்களுக்கு ஒரு சின்னக் கோப்பை மொஸ்கதேல் ஒயின்.

ஆனால் அன்றைய நாயகன் பனெயெட். அரைத்த பாதாமும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, பைன் கொட்டையில் புரட்டி, மேலே முட்டை தடவி, அடுப்பில் கொஞ்ச நேரம் மட்டும் காட்டி எடுப்பது. வீடுகளில் மாவோடு வேகவைத்த உருளைக்கிழங்கோ சர்க்கரைவள்ளியோ கொஞ்சம் சேர்ப்பார்கள். வெளியே கொட்டை லேசாகக் கருகி மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே பாதாம் கத்லி போல ஈரம். தேங்காய், காபி, சீமைமாதுளை என்று வேறு வகைகளும் உண்டு. எடை போட்டுத்தான் விற்பார்கள். பைன் கொட்டை விலை யானை விலை என்பதால், தட்டில் எத்தனை பைன் கொட்டை உருண்டை வைக்கிறார் என்பதைப் பொறுத்து வீட்டுக்காரரின் தாராளத்தை அளந்துவிடலாம்.

அடுத்தது கிறிஸ்துமஸ். அப்போது தொர்ரோ வருகிறது. பாதாமும் தேனும் சேர்த்த பாளம். நம் கடலை மிட்டாய்க்குப் பணக்கார அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு நெவுலா, காகிதம்போல மெல்லிய சுருள் பிஸ்கட். இவற்றைக் கொண்டுவருவது யார் என்பதுதான் வேடிக்கை. வீட்டில் ஒரு மரக்கட்டைக்கு முகம் வரைந்து, தொப்பி வைத்து, குளிரக் கூடாதென்று போர்வை போர்த்தி, டிசம்பர் தொடக்கத்திலிருந்து தினமும் ஆரஞ்சுத் தோல் ஊட்டுகிறார்கள். அதன் பெயர் தியோ. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டே அதைக் கம்பால் அடிக்க, போர்வைக்கு அடியில் கட்டை தொர்ரோவாக 'ஆய்' போகிறது. ஆமாம், அப்படியேதான் சொல்கிறார்கள், பாட்டியும் பேரனும் சேர்ந்து உரக்கப் பாடுகிறார்கள். கத்தலானியர்கள் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் தினம். அன்று தொர்தேல்: வளையம்போல ஒரு ரொட்டி, உள்ளே பாதாம் விழுது, மேலே சர்க்கரைப் பாகில் ஊறிய பழங்கள். உள்ளே ஒரு குட்டி ராஜா பொம்மையும் ஒரு காய்ந்த மொச்சையும் ஒளிந்திருக்கும். ராஜா கிடைத்தவருக்கு அட்டைக் கிரீடம். மொச்சை கிடைத்தவர் தொர்தேலுக்குக் காசு கொடுக்க வேண்டும். கஞ்சர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக மெல்லுவதை அன்று பார்க்கலாம்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். ஏழு கால்களோடு ஒரு காகிதக் கிழவியை வகுப்பறைச் சுவரில் தொங்கவிட்டு, வாரத்துக்கு ஒரு காலாகக் கிழிக்கிறார்கள். கால்கள் தீர்ந்தால் ஈஸ்டர். எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அழகான காலண்டர் இதுதான். இந்த வாரங்களுக்கு உரியது புன்யோல். ஜிரோனாவைச் சுற்றியுள்ள எம்போர்தா பகுதியில் இதற்குத் தனி மவுசு. புளித்த மாவில் சோம்பும் எலுமிச்சைத் தோலும் சேர்த்து, நடுவில் விரலால் துளையிட்டு, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரையில் புரட்டுவது. உளுந்து வடையின் தூரத்து உறவுக்காரன் இனிப்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கும். சோம்பு வாசனை தெருவுக்கு வந்துவிட்டால் தவக்காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுவில் மார்ச் 19, சான் ஜுசெப். அன்று பாலும் முட்டை மஞ்சள் கருவும் பட்டையும் எலுமிச்சைத் தோலும் சேர்த்துக் காய்ச்சிய கிரேமா. மேலே சர்க்கரையைத் தூவிக் காய்ந்த இரும்பால் கருக்குவார்கள், கரண்டியால் தட்டினால் கண்ணாடிபோல உடையும். ஈஸ்டர் திங்களன்று மோனா: ஞானத்தந்தை தன் ஞானப்பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய கேக். அந்தக் காலத்தில் பிள்ளையின் வயது எத்தனையோ அத்தனை அவித்த முட்டை, 12 வயதுவரை. இப்போது சாக்லேட்டில் கோட்டை, கால்பந்து மைதானம் என்று எதையும் செய்துவிடுகிறார்கள். ஜூன் 23 இரவு சான் ஜுவான். கனிகோ மலை உச்சியில் ஏற்றிய சுடரை ஊர் ஊராகக் கொண்டுவந்து சொக்கப்பனை கொளுத்துகிறார்கள். அன்று கோக்கா என்கிற நீள ரொட்டி, மேலே பழமும் பைன் கொட்டையும். அதோடு பெரிய இனிப்புகள் ஓய்ந்து, ஊர் ஐஸ்கிரீமுக்கும் கடற்கரைக்கும் போய்விடுகிறது.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு ஒரே விதிவிலக்கு ஊரின் சொந்தப் பலகாரமான ஷூஷு. உருளையாகச் சுருட்டிய மாவை எண்ணெயில் பொரித்து, உள்ளே கிரேமா நிரப்பி, மேலே சர்க்கரை. இது வருடம் முழுக்க உண்டு. 1920களில் கோர்ட் ரெயால் தெருவில் ஒரு இனிப்புக் கடையில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். கதை பிரியர்கள் வேறொன்று சொல்வார்கள்: தார்லா என்கிற கழைக்கூத்தாடி ஒரு இனிப்புக் கடைக்காரர் மகளைக் காதலித்தானாம், அப்பா வந்தபோது மாவு மூட்டையில் ஒளிந்தானாம், தும்மினானாம். "ஷூ ஷூ" என்ற தும்மல்தான் பெயராம். அந்தத் தார்லாவின் பொம்மையை வசந்த காலத்தில் அர்ஜென்தெரியா தெருவின் குறுக்கே கம்பியில் தொங்கவிடுகிறார்கள்.

இவ்வளவும் சாப்பிட்டுவிட்டு நான் சொல்ல வருவது இதுதான். இந்த இனிப்புகளில் எதுவும் தனி ஆளுக்கான இனிப்பு இல்லை. மோனா வேண்டுமென்றால் ஒரு ஞானப்பிள்ளை வேண்டும். தொர்தேல் வேண்டுமென்றால் ராஜாவும் மொச்சையும் வேறு வேறு ஆளுக்குப் போகிற அளவுக்காவது ஒரு மேஜை வேண்டும். தியோவுக்கு அடிக்கக் குழந்தையும் பாட்டை ஞாபகம் வைத்திருக்கும் பாட்டியும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் யார் வீட்டுக்காவது சாப்பிடப் போகிறவர்கள் வழியில் இனிப்புக் கடையில் நின்று, நூல் கட்டிய அட்டைப் பெட்டியோடு போகிறார்கள். கடைக்காரருக்குப் பிழைப்பே அந்தப் பெட்டிகள்தான். தெருவில் குடும்பங்கள் இருக்கும்வரை அவருக்கு வருடம் தானாகச் சுற்றும்.

ஆடி மாதத்துக் கூழ் ஆடியில் ருசிக்கிற காரணமும் இதுதானே. காத்திருப்பு ஒரு மசாலா என்று சொல்வது பாதி உண்மை. எல்லோரும் சேர்ந்து காத்திருக்கிறோம் என்பதுதான் மீதி. இப்போது சூப்பர் மார்க்கெட்டுகளில் தொர்ரோ அக்டோபரிலேயே வந்து உட்கார்ந்துவிடுகிறது. அது எனக்குப் பெரிய கவலை இல்லை. யார் எப்போது வேண்டுமானாலும் வாங்கித் தின்னட்டும். என் கவலை, காத்திருக்கிற ஆட்கள் தெருவை விட்டுப் போவது பற்றி.

இங்கேதான் 'எக்ஸ்பாட்' என்கிற சொல் வருகிறது.

சைக்கிள் பந்தய உலகத்தில் ஜிரோனா ஒரு பெரிய பெயர். மலையும் கடலும் பக்கத்தில், குளிர்காலம் மிதமானது, ஊரைத் தாண்டியதும் வண்டி குறைவான சாலைகள். லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் 2000களின் தொடக்கத்தில் இங்கே வீடு வைத்திருந்தார். அவருடைய பட்டங்கள் 2012இல் பறிக்கப்பட்டன, ஆனால் ஊருக்கு வந்த பெயர் போகவில்லை. தொழில்முறை வீரர்கள், பிறகு அவர்களைப் பார்த்து வந்த பொழுதுபோக்கு வீரர்கள், பிறகு மடிக்கணினியோடு எங்கிருந்தும் வேலை செய்யக் கூடியவர்கள் என்று கூட்டம் பெருகியது. சால்வதோர் தாலி 1958இல் காலாவைத் தேவாலயத்தில் மணந்த எல்ஸ் ஆஞ்ஜெல்ஸ் மலைக்கு இன்று காலையில் போனால் சைக்கிள்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும். 2015இல் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' படப்பிடிப்பு கதீட்ரல் படிகளில் நடந்தது, சுற்றுலாக்காரர்களும் சேர்ந்தார்கள். பழைய நகரத்தில் சில சந்துகளில் இப்போது பகல் முழுக்க ஆங்கிலம்தான் கேட்கிறது. பட்டியல் ஆங்கிலத்தில் எழுதிய காபிக் கடைகளில் தவக்காலமும் கிடையாது, சான் ஜுவானும் கிடையாது. வருடம் முழுக்க ஒரே கேரட் கேக்.

கேரட் கேக் மேல் எனக்குப் பகை இல்லை, நன்றாகவே இருக்கும். சைக்கிள்காரர்கள் மேலும் இல்லை. சுற்றுலாப் பயணி வராத குளிர்காலத்தில் அவர்கள் செலவழிக்கிறார்கள். கத்தலான் கற்றுக்கொண்டு, பிள்ளைகளை ஊர்ப் பள்ளியில் சேர்த்து, இங்கேயே தங்கிவிட்டவர்களும் உண்டு. விஷயம் ஆள் பற்றியது அல்ல, குடியிருக்கும் விதம் பற்றியது.

அந்த விதத்துக்கு இங்கே ஒரு பெயர் இருக்கிறது: 'பருவ வாடகை'. 2024 மார்ச்சில் கத்தலோனியாவின் 140 ஊர்களில் வாடகைக்கு உச்சவரம்பு வந்தது, ஜிரோனாவும் அதில் உண்டு. ஆனால் அந்த வரம்பு நிரந்தரக் குடியிருப்பு ஒப்பந்தங்களுக்குத்தான் வந்தது. படிப்பு, தற்காலிக வேலை போன்ற காரணங்களுக்காகச் சில மாதங்களுக்குப் போடும் பருவ ஒப்பந்தங்கள் வெளியே நின்றன. வீட்டு உரிமையாளர்களில் பலர் என்ன செய்திருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. 11 மாதம், சாமான்களோடு, விலை இஷ்டம்போல. என் அறை ஒப்பந்தமும் 11 மாதம்தான், ஆனால் நான் படிக்கத்தான் வந்தேன், அது நியாயமான காரணம். காரணமே இல்லாமல் குடும்பங்களுக்கும் அதையே நீட்டுவதுதான் தந்திரம்.

11 மாதம் என்றால் என்ன அர்த்தம்? ஒரு முழு இனிப்பு வருடம்கூடக் கிடையாது என்று அர்த்தம். கஸ்தன்யாடாவுக்கு வந்தவர் அடுத்த கஸ்தன்யாடாவுக்கு இருக்க மாட்டார். அவருக்கு இங்கே ஞானப்பிள்ளை இருக்காது, பாட்டி இருக்க மாட்டாள், ஞாயிறு மதியம் அட்டைப் பெட்டியோடு போக ஒரு வீடு இருக்காது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு ருசித்துச் சாப்பிட்டாலும், ஒரு ஷூஷு வாங்குவார், படம் எடுப்பார், போவார். ஒரு தெரு முழுக்க அப்படிப்பட்டவர்கள் நிறைந்துவிட்டால் இனிப்புக் கடைக்காரர் ஷூஷு மட்டும் போட ஆரம்பிப்பார். பருவ வாடகை பருவ இனிப்பைத் தின்றுவிடும். 2024 ஜூலையில் பார்சலோனா ஊர்வலத்தில் சிலர் சுற்றுலாக்காரர்கள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்ததை உலகம் பூராவும் பார்த்துச் சிரித்தது. எனக்கு அந்த முறை பிடிக்கவில்லை, சாப்பிட உட்கார்ந்தவர் மேல் தண்ணீர் அடிப்பது எந்த ஊரிலும் மரியாதை இல்லை. ஆனால் அவர்களுடைய கோபத்தில் வீடு இருந்தது, அது விளையாட்டு இல்லை.

இனி சால்ட்டுக்குப் போவோம். ஜிரோனாவிலிருந்து நடந்தே போய்விடலாம், எங்கே ஒரு ஊர் முடிந்து மற்றது தொடங்குகிறது என்றே தெரியாது. 1970களில் ஜிரோனாவோடு இணைத்து, 1983இல் மறுபடி தனி ஊராகப் பிரித்தார்கள். அங்கே மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள்: மொராக்கோ, காம்பியா, ஹோண்டுராஸ், இந்தியா. இந்தியா என்றால் பெரும்பாலும் பஞ்சாப். இறைச்சித் தொழிற்சாலை, தோட்டம், கட்டுமானம், முதியோர் பராமரிப்பு என்று மாகாணத்தின் கடினமான வேலைகள் பலவும் இவர்கள் கையில். இவர்களை யாரும் எக்ஸ்பாட் என்று சொல்வதில்லை. இவர்களுக்கு வேறு சொல், குடியேறிகள். இரண்டு சொல்லுக்கும் அகராதியில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் வங்கிக் கணக்கில் இருக்கிறது.

ஆனால் இனிப்புக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அக்டோபர் கடைசி வாரம் இங்குள்ள பள்ளிகளில் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பனெயெட் உருட்டச் சொல்கிறார்கள். பாதாம், சர்க்கரை, முட்டை. பன்றிக் கொழுப்பு இல்லை, மது இல்லை. எந்த வீட்டுப் பிள்ளைக்கும் தடை இல்லை. மொராக்கோ வீட்டுப் பெண்ணும் பஞ்சாபி வீட்டுப் பையனும் கை முழுக்கப் பிசுபிசுப்போடு உருட்டி, காகிதத் தட்டில் வைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். டிசம்பரில் வகுப்பறைத் தியோவை அடிக்கிறார்கள், பாட்டு அவர்களுக்கு மனப்பாடம். காகிதக் கிழவியின் காலைக் கிழிப்பதும் அவர்கள்தான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தெரியாத காலண்டரைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. இன்னும் 20 வருடம் கழித்து இந்த இனிப்புகளை எதற்கு எப்போது சாப்பிடுவது என்று சொல்லத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் சால்ட்டில் வளர்ந்தவர்களாக இருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அவர்களை அங்கே இருக்கவிட்டால். 2025 மார்ச்சில் ஒரு குடும்பம் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டதை எதிர்த்துச் சால்ட்டில் தொடங்கிய போராட்டம் சில இரவுகள் மோதலாக நீண்டது. ஜிரோனாவில் வாடகை ஏறினால் ஜிரோனாக்காரர் சால்ட்டுக்குப் போவார், சால்ட்காரர் எங்கே போவார்? பழைய நகரத்தில் ஒருவர் சந்தோஷமாக, விலை கேட்காமல், 11 மாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போது அதன் கடைசி அலை வந்து அடிப்பது அந்தப் பனெயெட் உருட்டுகிற பிள்ளையின் வீட்டுக் கதவில். கையெழுத்துப் போட்டவருக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஏனென்றால் அவர் அந்தப் பிள்ளையின் அம்மாவோடு ஒரு வரிசையில் நின்றதே இல்லை.

"அப்படியானால் வெளியூர்க்காரர்கள் வரவே கூடாதா? நீயும் வெளியூர்க்காரன்தானே?" என்று கேட்கலாம். வரலாம். நானும் வந்தேன். ஊர் என்பது அருங்காட்சியகம் அல்ல, இந்த இனிப்புகளிலேயே எத்தனை ஊர்க் கலப்பு இருக்கிறது. கோகோ அமெரிக்காவிலிருந்து வந்தது, பட்டை நம் கடல் பக்கத்திலிருந்து போனது. கேள்வி வருவது பற்றியது அல்ல, வந்து எங்கே நிற்கிறோம் என்பது பற்றியது.

என்னைக் கேட்டால் இரண்டு தரப்பும் செய்ய வேண்டியது உண்டு. அரசு செய்ய வேண்டியது: பருவ வாடகை கேட்பவர் நிஜமாகவே ஒரு பருவத்துக்குத்தான் வந்திருக்கிறார் என்பதற்குக் காரணம் காட்டச் சொல்ல வேண்டும், காரணம் இல்லையென்றால் அது சாதாரண வாடகை, சாதாரண வரம்பு. மாணவனாக எனக்கு இதில் நஷ்டம் இல்லை, காரணக் கடிதத்தைப் பல்கலைக்கழகம் கொடுத்துவிடும். நாம் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். இங்கே மொழித் தன்னார்வலர் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஊர்க்காரர் ஒருவரும் கற்றுக்கொள்பவர் ஒருவரும் வாரம் ஒரு மணி நேரம், மொத்தம் 10 மணி நேரம் உட்கார்ந்து கத்தலானில் பேச வேண்டும். பாடப் புத்தகம் இல்லை, தேர்வு இல்லை, காபிக் கடையிலேயே உட்காரலாம். என்னோடு பேசியவர் ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். இன்டிபென்டென்சியா சதுக்கத்து வளைவுகளுக்கு அடியில் நாங்கள் பேசியதில் பாதி சமையல்தான். எந்தக் கடையில் புன்யோலுக்குச் சோம்பைக் குறைக்கிறார்கள், எந்தக் கடையில் எண்ணெயை மாற்றுவதில்லை என்பதெல்லாம் எந்த வழிகாட்டிப் புத்தகத்திலும் வராது. கத்தலான் பேசிக்கொண்டு போனால் கடைக்காரம்மாவின் முகமே வேறு. "ரெய்" என்று கூப்பிடுவார்கள். ராஜா என்று அர்த்தம். காய்கறிக் கடையில் "என்ன ராஜா வேணும்" என்று கேட்டு வளர்ந்த காதுக்கு அதைவிட என்ன வேண்டும்?

இன்னொரு பழக்கமும் கற்றுக்கொள்ள வேண்டும். செவ்வாயும் சனியும் தெவேசாவில் கூடும் சந்தையிலும், லியோ மார்க்கெட்டிலும், பண்டிகைக்கு முந்தைய நாள் இனிப்புக் கடையிலும் பார்த்தால் வரிசையே தெரியாது. ஆளுக்கு ஒரு மூலையில் நிற்பார்கள், பேசிக்கொண்டிருப்பார்கள். ஆனால் வரிசை இருக்கிறது. உள்ளே நுழைகிறவர் முதலில் கேட்க வேண்டியது "கி எஸ் லுல்திம்?". யார் கடைசி? யாராவது ஒருவர் "நான்" என்று கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். அடுத்து வருகிறவர் கேட்கும்போது நீங்கள் கை தூக்க வேண்டும். அவ்வளவுதான் சட்டம். கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், எந்த நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தாலும், அந்த ஒரு கேள்வி கேட்காமல் யாரும் பனெயெட் வாங்க முடியாது.

ஒரு ஊருக்கு வெளியிலிருந்து வந்து சேர்கிறவர்கள் கற்க வேண்டிய மரியாதை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. நமக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, அவர்களுக்குப் பின்னால் நிற்பது, நமக்குப் பின்னால் வருகிறவருக்குக் கை தூக்கிக் காட்டுவது. அந்த வரிசையில் சால்ட்டின் காம்பியா அம்மாவும் பஞ்சாபி அப்பாவும் நமக்கு ரொம்ப முன்னால் நிற்கிறார்கள். நான் அவர்களுக்குப் பின்னால்தான். அதில் ஒரு குறையும் இல்லை. எப்படியும் என் முறை வரும்வரை பனெயெட் இருக்கும், தேங்காய் உருண்டையாவது மிஞ்சும்.